ஒழுகாத மோட்டார்

ட்ரிங்...!

நெரேயோவின் செல்போன் அலறிய அலறலில், மிச்சேஸ் கடற்கரையில் இருந்த நண்டுகளில் பாதி வளை மாறிக்கொண்டன!

பேசியவர் எஃப்ராயின். மீனவர் சங்கத் தலைவர்.

"தம்பி, நாலு மணிக்குக் கூட்டம். உன்னைச் சங்கத்தை விட்டு நீக்கப்போறோம்."

"நான் என்னண்ணே பண்ணேன்?"

"மூணு ஞாயிறா, கடல்ல நான் இறக்கி வெச்ச கூட்டுல விழற சிங்கி இறாலை எவனோ அள்ளிட்டுப் போறான். கூட்டு மிதவை பூரா கறுப்பு எண்ணெய். இந்தக் கரையில ஃபோர் ஸ்ட்ரோக் படகு மோட்டார் வேற யாருகிட்ட இருக்கு?"

லைன் செத்தது.

வேறு யாரிடமும் இல்லை! மற்றவர்களுடையது எல்லாம் டூ ஸ்ட்ரோக். அதில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்து புகையாகிவிடும். நெரேயோவின் மோட்டாருக்குத்தான் வயிற்றில் தனியாக ஒரு லிட்டர் கறுப்பு எண்ணெய். அவன் அதை வாங்கிய நாளில் ஊர் வயிறெரிந்த சூட்டில் நாலு மீனைச் சுட்டிருக்கலாம்.

இறால் திருடன் என்று பேர் வந்துவிட்டால்..?

அவன் படகைத் தள்ள ஒரு கை வராது. அவனுக்கு ஐஸ் தர ஆள் இருக்காது. கடல் அங்கேயே இருக்கும். அவனுக்கு மட்டும் இருக்காது.

மணி பன்னிரண்டு.

ஒழுகுகிற மோட்டாரை அன்றைக்கே விற்கச் சொன்னேனே என்று மனைவி யொகாஸ்தா சமையலறையிலிருந்து குத்தினாள். மகளின் ஞானத்தகப்பன் ஃபுல்ஹென்சியோ போனில் அழுதான். கூட்டத்தில் உனக்காக வாதாடுவேன், ஆனாலும் நீ தலைநகரத்துக்குப் போய்ப் பிழைத்துக்கொள், இங்கே எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

எல்லாவற்றையும்!

திங்கள்தோறும் மோட்டார் அறையில் கறுப்புச் சொட்டு கிடந்தது உண்மைதான். எங்கிருந்து ஒழுகுகிறது? கண்டுபிடித்தாக வேண்டும்.

நெரேயோ மோட்டாரைத் தண்ணீர்ப் பீப்பாயில் மாட்டினான். பளிச்சென்று துடைத்தான். மகளின் பவுடர் டப்பாவை அதன் தலையில் கவிழ்த்தான். கசிகிற இடத்தில் பவுடர் கறுக்கும்... காட்டிக்கொடுக்கும்!

ஒரு மணி நேரம் ஓட்டினான்.

கோயிலில் முதல் நன்மை வாங்க வெள்ளைக் கவுனில் போகும் சிறுமி மாதிரி வெள்ளை வெளேர் என்று நின்றது மோட்டார். ஒரு சொட்டு இல்லை!

சீல் சரி. ஃபில்ட்டர் இறுக்கம். அளவுக்குச்சியை உருவினால் எண்ணெய் பாதிதான். ஒழுகாத மோட்டாரில் எண்ணெய் எங்கே போயிற்று..?

அப்போதுதான் மூடியில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தான். 'இந்தப் பக்கமாக மட்டும் சாய்க்கவும்.'

டூ ஸ்ட்ரோக்காரனுக்கு அந்தக் கவலையே கிடையாது. குடிகாரனைக் கிடத்துவது மாதிரி எப்படி வேண்டுமானாலும் போடுவான்.

நெரேயோ வேண்டுமென்றே மறுபக்கமாகச் சாய்த்தான். பத்து நிமிடம்...

காற்று நுழைகிற ஓட்டை வழியாக ஒரு கறுப்பு நாக்கு எட்டிப் பார்த்தது!

யாரோ மோட்டாரைக் கிடத்தி எடுத்துப் போயிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் நெரேயோ சேவல் சண்டைக்குப் போய்விடுவான். அறையின் இன்னொரு சாவி இருப்பது... ஃபுல்ஹென்சியோவிடம்.

எஃப்ராயினை வரவழைத்துக் காட்டினான். தகரத் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தினான். பிறகு ஞானத்தகப்பனைக் கூப்பிட்டான்.

"எதுக்கு மாப்ளே என் மோட்டாரை எடுத்த?"

"நானா? அல்தகிராசியா மாதா சத்தியமா, தொட்டதுகூட இல்ல."

"தள்ளுவண்டியில எந்தப் பக்கமா போட்ட?"

"எந்தப் பக்கம் போட்டா என்ன மாப்ளே, மோட்டாருக்கு முதுகுவலியா வரப்..."

பாதியில் நின்றான்.

நெரேயோ அவனையே பார்த்தான். தன் மகளை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்திய கைகள்!

"இடுப்புப் பிடிச்சு ரெண்டு வருஷமா நீ வலைகூட இழுக்கறதில்ல. இது அம்பது கிலோ. மறுமுனையைப் பிடிச்சது யாரு?"

ஃபுல்ஹென்சியோவின் கண்கள் சமையலறைப் பக்கம் போயின.

உள்ளே பொரிக்க வாழைக்காய் தட்டும் சத்தம் நின்றது.

"நான்தான்," என்றாள் யொகாஸ்தா, வாசலில்.

"ஞாயித்துக்கிழமைன்னா அம்மா வீட்டுக்குப் போறேன்னியே..."

"உன்னைப் போன்னா போகமாட்ட. ஊர் துரத்தினாத்தான் எங்க ரெண்டு பேரையும் விட்டுப் போவ. கடல்லேருந்து வந்ததும் சேவலைக் குளிப்பாட்டுவ. பன்னெண்டு வருஷத்துல என்னை ஒரு நாள் நிமிர்ந்து பாத்தியா?"

நெரேயோ அப்போதும் அவளை நிமிர்ந்து பார்க்காமல், மோட்டாரில் வழிந்த எண்ணெயைக் கையால் துடைத்தான்.

தகரத்தின் பின்னாலிருந்து எஃப்ராயின் வந்தார். பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார்.

"தீர்மானம் எழுதி முத்திரையும் குத்தியாச்சு தம்பி. உன் பேரை அடிச்சுட்டு இவன் பேரைப் போட்டுக்கறேன். நல்ல தாளை எதுக்கு வீணாக்கணும்?"

நெரேயோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். கண்ணீர் போயிற்று, எண்ணெய் அப்பிக்கொண்டது.

"ரெண்டு பேருண்ணே. அந்த வரியில இடம் பத்துமா, இல்ல வேற தாள் வாங்கிட்டு வரவா?"