தலைக்கு மேலே டொக் டொக்

சிவமலர் ரீச்சர் வீட்டில் இருந்தபடியே பள்ளிக்கூடம் போய்வருவார்.

கொரோனாக் காலம் அது. கெல்சென்கிர்ச்சன் நகரில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. மாலை நேரத் தமிழ் வகுப்பும் கணினிக்குள் போய்விட்டது. சிவமலர் ரீச்சர் இருந்தது, அவரிடம் தமிழ் படிக்கும் ஆதிரையின் வீட்டுக்கு நேர் மேல்மாடியில், தனியாக. வகுப்புக்கு முன்னால் சேலை கட்டி, குதி உயர்ந்த சப்பாத்துப் போட்டு, கைப்பையோடு வெளியே வருவார். கீழே தபால்பெட்டி வரை இறங்குவார். பிறகு ஏறி வந்து, தன் வீட்டுக்குள்ளேயே நுழைந்து, "வணக்கம் பிள்ளையள்!" என்று பாடத்தைத் தொடங்குவார்.

"வீட்டில இருந்தா வேலை ஓடாது. பள்ளிக்கூடத்துக்கு வந்தாத்தான் ஓடும்" என்பார்.

ஓரிடத்தில் நின்று படிப்பிக்கவும் அவருக்கு வராது. திரையில் ரீச்சர் அங்குமிங்கும் நடக்க, ஆதிரையின் தலைக்கு மேலே டொக், டொக் என்று சப்பாத்துச் சத்தம் கேட்கும்.

"அப்பா, ரீச்சரின்ர சப்பாத்து என்ர மண்டைக்குள்ள நடக்குது!" என்று அவள் தினமும் முறையிடுவாள்.

அன்று தை மாதத்துப் பின்னேரம். வெளியே பனிமூட்டம், ஒரே புகார். எதிர்க்கட்டடம்கூடத் தெரியவில்லை. அம்மா வேலைக்குப் போயிருந்தார். இரவு வேலை முடித்து வந்த அப்பா இன்னும் உறக்கத்தில் இருந்தார். வீடு கப்சிப்பென்று கிடந்தது.

வகுப்பு தொடங்கியது. திரையில் ரீச்சர் நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். தலைக்கு மேலே ஒரு சத்தமும் இல்லை.

ஆதிரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ரீச்சர் காற்றில் நடப்பதுபோல இருந்தது.

"ரஜிதன், நீ சொல்லு. யானை எங்க இருக்கும்?" என்றார் ரீச்சர்.

ரஜிதன் வாய் நிறைய பிஸ்கட்டோடு, "குளிர்பெட்டிக்குள்ள ரீச்சர்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

ரீச்சர் புன்னகையோடு தலையாட்டினார். "கெட்டிக்காரன். சரியாச் சொன்னாய்."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"ரீச்சர், நாங்கள் கதைக்கிறது கேக்குதோ?" என்றாள் ஆதிரை.

"நல்லது, அடுத்த பக்கத்துக்குப் போவம்" என்றார் ரீச்சர்.

அப்போதுதான் ஆதிரை அதைக் கவனித்தாள். ரீச்சருக்குப் பின்னாலிருந்த யன்னலில் பளீரென்று வெயில் அடித்தது. அவளுடைய யன்னலில் புகார். ஒரே கட்டடம், ஒரே பக்கம். ஒரு மாடி மேலே மட்டும் எப்படி வெயில் வரும்?

அந்த நேரம் பார்த்து, மேலே எதுவோ மெல்ல இழுபட்டது. பிறகு தொப்பென்று ஒரு சத்தம். திரையில் ரீச்சர் அமைதியாகப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, ரீச்சர் பேயா மாறிட்டா!" என்று கத்திய ரஜிதன் திரையை மூடிவிட்டு ஓடிப்போனான்.

ஆதிரைக்கும் மூடத்தான் கை போனது. ஆனால் யன்னல் வெயிலை இன்னொரு தடவை பார்த்தாள். 'இது வெயில் நாளில எடுத்து வைச்ச படம். அப்ப இப்ப ரீச்சர் எங்க? மேல விழுந்தது ஆர்?'

அவள் ஓடிப்போய் அப்பாவை உலுப்பினாள்.

"அப்பா, எழும்புங்கோ! மேல ரீச்சரின்ர சத்தம் கேக்கேல்லை."

"கேட்டாலும் முறைப்பாடு, கேக்காட்டிலும் முறைப்பாடோ?" என்று முனகினார் அப்பா. மகளின் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

இருவரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு மேலே போனார்கள். மணியை அடித்தார்கள். கதவு திறக்கவில்லை. உள்ளே ரீச்சரின் குரல் உற்சாகமாக, "உரத்துச் சொல்லுங்கோ பிள்ளையள்!" என்றது.

"படிப்பிச்சுக்கொண்டுதானே இருக்கிறா" என்றார் அப்பா.

"அது கணினி அப்பா!" ஆதிரை கதவில் காதை வைத்தாள். "ரீச்சர்! நான் ஆதிரை. உள்ள இருக்கிறியளோ?"

உற்சாகக் குரல் நிற்காமல் பாடம் நடத்தியது. அதற்கு அடியில், தரையோரமாக, அதே ரீச்சரின் இன்னொரு குரல் மெதுவாகக் கேட்டது.

"ஆதிரை... எழும்ப ஏலாமக் கிடக்கு பிள்ளை."

ஒரே ரீச்சர், ஒரே நேரத்தில் இரண்டு குரல். ஆதிரை கதவை விட்டு அசையவில்லை. அப்பா ஆம்புலன்சைக் கூப்பிட்டு முடிக்கும்வரை, "நான் இஞ்சதான் நிக்கிறன் ரீச்சர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ரீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து சுகமாகித் திரும்பியபோது பனி கரைந்துவிட்டது. மெலிந்து போயிருந்தார். படிக்கட்டில் தள்ளி நின்றே கதைத்தார்.

"வெயில் நாளில கொஞ்சப் பாடத்தை, உங்கட பேரெல்லாம் கூப்பிட்டு, முன்கூட்டியே எடுத்து வைச்சனான். காய்ச்சல் வந்ததும், வகுப்பு நிக்கக்கூடாதெண்டு அதை ஓட விட்டிட்டன். பிறகு தண்ணி எடுக்க எழும்பினன், கதிரையோட விழுந்திட்டன்."

"காய்ச்சல் எண்டாச் சொல்லுங்கோ ரீச்சர்" என்றாள் ஆதிரை. "நாங்கள் சந்தோசமா லீவு எடுப்பம்."

ரீச்சர் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று ஆதிரை ஒரு புது ஒழுங்கு போட்டாள். இனிமேல் காலையில் ரீச்சருக்கு வரவு கூப்பிடப் போவது அவள்தான். அவள் கீழிருந்து தட்டினால், ரீச்சர் சப்பாத்தால் பதில் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை கதிரையில் ஏறித் வீடு கூட்டும் தும்புத்தடியால் தலைக்கு மேலிருந்த முகட்டில் தட்டினாள். பதில் இல்லை. மீண்டும் தட்டினாள்.

மேலே டொக், டொக்.

உடனே தொலைபேசி மணி அடித்தது. "சப்பாத்துப் போட நேரம் போயிட்டுது பிள்ளை" என்றார் ரீச்சர்.

ஆதிரை தொண்டையைச் செருமிக்கொண்டு, ரீச்சரின் குரலிலேயே சொன்னாள். "நாளைக்கும் பிந்தினா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு மேல வருவன்!"