ஐந்தாவது படி

டேக் பட்டியலில் மூன்று டேக்குகள்தான் இருக்க வேண்டும். நான்கு இருந்தன.

சுகாசினி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். பச்சை, வீட்டுக்காரர். நீலம், மெக்கானிக். சிவப்பு, ஆபீசுக்குள் மட்டும். மூன்றையும் ஆறு வருடத்துக்கு முன்னால் அவளேதான் உண்டாக்கினாள். வீட்டு லிஃப்ட் செய்யும் அந்தக் கம்பெனியில் கையேடு எழுதுவது அவள் வேலை. எழுதுவது ஒரே புத்தகம்தான். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு டேக் மாட்டிவிட்டு, அச்சுக்கு அனுப்பும்போது எது வேண்டும் எது வேண்டாம் என்று டிக் அடித்தால், வீட்டுக்காரருக்கு ஒரு புத்தகமும் மெக்கானிக்குக்கு வேறொரு புத்தகமுமாகத் தானே பிரிந்து வரும்.

நான்காவது டேக் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதற்குப் பெயர் இல்லை. பக்கத்தில் 1 என்று மட்டும் போட்டிருந்தது. ஒரே ஒரு பத்தியில் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்குக் கருடசேவை. ஆபீஸ் விடுமுறை, கீழே பட்டுக்கடையும் மூடியிருந்தது. காலையில் புறப்பட்ட பெருமாள் திரும்பி வருகிற நேரம் என்பதால் காந்தி ரோடு முழுக்கக் கூட்டம். நாதஸ்வரமும் மேளமும் பீப்பி விற்கிறவர்களின் சத்தமும் வெயிலில் காய்ந்த துளசி வாசனையும் இரண்டாவது மாடி ஜன்னல் வரைக்கும் ஏறி வந்தன. யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் அவள் வாட்ச்மேனிடம் சாவி வாங்கி மேலே வந்திருந்தாள்.

சாம்பல் டேக்கை அழித்தாள். பட்டியலில் மூன்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது மறுபடி நான்கு. பக்கத்தில் 2.

அதன்மேல் க்ளிக் செய்தாள். திரை தானாக ஏழாவது அத்தியாயத்துக்குப் போய் நின்றது. நடுவழியில் நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்வது எப்படி.

அந்தப் பக்கத்தில்தான் அவள் தப்பு செய்திருந்தாள். நான்காவது படி, மெயின் சுவிட்சை அணைக்கவும். ஐந்தாவது படி, குழிக்குள் இறங்கும் முன் கூண்டுக்கு அடியில் தாங்குகட்டையை நிறுத்தவும். மெயினை அணைத்தாலும், ஆள் ஏறும் கூண்டு பேட்டரியால் கீழே இறங்கி அடிக்குழியில் இருப்பவரை நசுக்கிவிடும். ஆறாவது படி, குழிக்குள் இறங்கவும். போன தை மாதம் ஏதோ அவசரத்தில் ஐந்தாவது படிக்கு நீலத்துக்குப் பதில் சிவப்பை மாட்டிவிட்டாள். மெக்கானிக் புத்தகத்தில் அந்தப் படி வரவில்லை. படிகளின் எண்ணை மென்பொருள் தானாகவே போட்டுக்கொள்ளும் என்பதால் நாலுக்கு அப்புறம் அஞ்சு என்று சரியாகத்தான் இருந்தது. அச்சடித்த பதினான்கு பிரதிகள் பதினான்கு பேர் கைக்குப் போயின.

அதில் ஒன்று தாமல் ஊர் மெக்கானிக் தணிகாசலத்துக்கு.

குழிக்குள் வேலை செய்தபோது கூண்டு இறங்கி அவர் இறந்த மறுநாள் சுகாசினி சத்தமில்லாமல் சிவப்பை நீலமாக மாற்றினாள். மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று எழுதி கம்பெனி விசாரணையை முடித்துக்கொண்டது. பத்து நாள் கழித்து அவர் மனைவி வடிவு அந்தப் புத்தகத்தை மஞ்சப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். ஓரமெல்லாம் கிரீஸ் விரல்தடம்.

"எழுதனது நீங்கதான்னு சொன்னாங்கமா. அவரு ஒவ்வொரு வரியா வாய்விட்டுப் படிச்சிக்கினேதான் வேலை செய்வாரு. இதுல இருக்கறபடிதானமா செஞ்சிருப்பாரு?"

"தெரியலீங்கமா," என்று சொல்லிவிட்டு சுகாசினி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது வடிவு இல்லை.

மீதிப் பதிமூன்று புத்தகங்கள் இன்னும் வெளியேதான் இருந்தன. திரும்பக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். வழக்கமான புதுப் பதிப்பு என்று சொல்லி ஒரு திருத்திய புத்தகத்தைத் தள்ளிவிடலாம் என்றுதான் இன்றைக்கு வந்தாள்.

இப்போது நான்காவது படிக்குக் கீழே, அவள் சேர்க்காத இரண்டு வரிகள் சாம்பல் நிறத்தில் இருந்தன.

குழிக்குள் இறங்கவும்.

உட்கார்ந்து காத்திருக்கவும்.

யாரோ விளையாடுகிறார்கள். ஃபைலை யார் திருத்தினார்கள் என்ற பட்டியலைத் திறந்தாள். எல்லா வரியிலும் அவள் பெயர்தான். இன்றைய தேதி, இந்த நிமிடம்.

போன் அடித்தது. மேனேஜர் வசந்த்.

"சுகாசினி, ஆபீஸ்லயா இருக்கீங்க? வாட்ச்மேன் சொன்னாரு. லீவு நாள்ல இன்னா வேலை?"

"சின்னத் திருத்தம் சார். சார், இந்த ப்ராஜெக்ட்ல வேற யாராச்சும் லாகின் பண்றாங்களா?"

"உங்களைத் தவிர அதை யாருமா தொடப்போறாங்க? சரி, நல்லதாப் போச்சு. தென்னேரிக்கிட்ட ஒரு வீட்ல லிஃப்ட் நடுவுல நின்னுக்கினு இருக்குது. இளங்கோவன் போயிருக்காரு. சந்தேகம்னா உங்களுக்குப் போன் பண்ணுவாரு, எடுங்க."

இளங்கோவன். நாற்பத்தைந்து வயது, இரண்டு பெண்கள். பார்க்கும்போதெல்லாம் சாப்டீங்களா மேடம் என்று கேட்கிற மனுஷன்.

"அவர் கையில புக் இருக்கா சார்?"

"அதெல்லாம் இருக்குது. ஏன்?"

சொல்லிவிடலாம். இரண்டே வாக்கியம். வாய் திறந்தது. விசாரணை அறிக்கை, வடிவின் மஞ்சப்பை, மாமியார் முகம், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு, எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன.

"ஒண்ணுமில்ல சார்."

வசந்த் வைத்துவிட்டான். திருத்திய பக்கத்தை இப்போதே இளங்கோவனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டால் போதும், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். நீலத்துக்கு டிக் அடித்தாள். சாம்பலை விலக்கினாள். வெளியிடு என்பதை அழுத்தினாள். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து முடிந்தது.

இருநூற்றுப் பத்துப் பக்கம் வர வேண்டிய புத்தகம் ஒரே பக்கமாக வந்தது. நான்கு படிகள். அப்புறம் வெறுமை. அடியில் பக்க எண் மட்டும்.

மறுபடி அழுத்தினாள். அதே பக்கம்.

கிரீஸ் வாசனை வந்தது. ஈரச் சிமெண்டும் பழைய ரப்பரும் கலந்த, வருடக்கணக்கில் மூடியே கிடந்த குழியின் வாசனை. மேளச்சத்தம் எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். பெருமாள் தாண்டிப் போய்விட்டார். ரோட்டில் மிதிபட்ட பூவும் செருப்புகளும் மட்டும் கிடந்தன.

வராந்தாக் கோடியில், வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த கம்பெனி லிஃப்டுக்குள் யாரோ பேசினார்கள்.

ஆண் குரல். மெதுவான, எழுத்துக் கூட்டிப் படிக்கிற குரல்.

"ஒண்ணு. வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லவும். ரெண்டு. எல்லாத் தளத்துலயும் கதவுல பலகை மாட்டவும்..."

அவள் எழுதிய வாக்கியங்கள். ஒரு படி மாறாமல்.

"மூணு. கூண்டு எங்க நிக்குதுன்னு பார்க்கவும். நாலு. மெயின் சுவிட்சை அணைக்கவும்."



தாள் புரளும் சத்தம். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"ஒண்ணு. வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லவும்..."

லிஃப்டின் மெயின் நேற்று சாயங்காலமே அணைத்தாயிற்று. கதவுக்கு மேலே எண் எரியவில்லை. படிக்கட்டு அந்தக் கதவைத் தாண்டித்தான் இருந்தது. சுகாசினி சுவரோடு ஒட்டி நடந்தாள். நடந்துகொண்டே இளங்கோவனின் எண்ணைத் தேடி அழுத்தினாள். எடுங்க. எடுங்க அண்ணா. எடுத்ததும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

காதில் மணி அடித்தது.

லிஃப்ட் குழிக்குள்ளும் அடித்தது.

கீழே. வெகு கீழே. ஏதோ பக்திப் பாட்டின் மெட்டு, கான்கிரீட்டில் மோதி மோதி மேலே வந்தது. அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். துண்டித்தாள். மெட்டு நின்றது. மறுபடி அழுத்தினாள். மெட்டு.

பிறகு யாரோ எடுத்தார்கள்.

"மேடம்." இளங்கோவன்தான். மூச்சு வாங்கவில்லை. பயமில்லை. "நாலு முடிஞ்சிது மேடம். அடுத்தது இன்னா?"

"குழிக்குள்ள இறங்காதீங்க!" அவள் கத்தினாள். "கட்டையை நிறுத்துங்க அண்ணா! கூண்டுக்கு அடியில கட்டை வைக்கணும். அஞ்சாவது படி. நான்தான் விட்டுட்டேன். நான்தான்."

போனில் யாரோ இருவர் தங்களுக்குள் மெல்லப் பேசிக்கொள்ளும் முணுமுணுப்பு.

அப்புறம் கதவு திறந்தது.

சத்தமே இல்லாமல், இரண்டு பக்கமும் விலகி. உள்ளே கூண்டு இல்லை. கருப்பு. கேபிள்கள். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. ஓடியிருக்க வேண்டும். அவள் ஓடவில்லை. கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு, தலையை உள்ளே நீட்டி, கீழே பார்த்தாள்.

"அண்ணா? இளங்கோவன் அண்ணா?"

அடியில் ஒரு செல்போன் வெளிச்சம். அதைச் சுற்றி இரண்டு பேர். சுவரில் சாய்ந்து, தோளோடு தோள் ஒட்டி, கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இளங்கோவன். நெற்றியிலிருந்து சட்டை வரைக்கும் ஒரே ஈரம். இன்னொருவரின் தலை, இருக்க வேண்டிய அகலத்தில் இல்லை. இருவர் மடியையும் சேர்த்து ஒரே புத்தகம் விரித்திருந்தது. அதன்மேல் ஒரு கறுத்த விரல், நான்காவது வரிக்குக் கீழே, அசையாமல்.

இருவரும் முகத்தை நிமிர்த்தினார்கள்.

அவர்கள் சுகாசினியைப் பார்க்கவில்லை. அவளுக்கு மேலே, மூன்றாவது மாடியிலிருந்து ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டிருந்த கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.