ஒரிலாவின் மூன்றாவது பக்கம்

அழுகிய முட்டை நாற்றம் நாலரை மணிக்கு வந்தது. முதலில் கீபோர்டுக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது; உதயகுமார் குனிந்து மோந்தான், வெறும் தூசி வாசனை. நிமிர்ந்தால் மறுபடியும் அதே நாற்றம், ஈரத்துணி போல முகத்தில் ஒட்டியது.

"சுசி, நாத்தம் வருதா?"

பக்கத்து மேஜையில் சுசித்ரா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கன்னடமும் தமிழும் கலந்து சொன்னாள். "ஏனூ இல்ல கணோ. ஒண்ணும் வரல. மத்தியானம் முட்டை பப்ஸ் தின்னது யாரு? நீதானே?"

விஜயநகரில் வாடகைக்கு எடுத்த வீடுதான் ஆபீஸ். ஹாலில் ஆறு கம்ப்யூட்டர், சமையலறையில் ஃபேக்ஸ் மெஷின். எங்கோ ஒரு துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பலில் ஏறிச் சோதித்தவர் கையால் நிரப்பிய கேள்வித்தாள் இங்கே வரும். இவர்கள் அதைக் கம்ப்யூட்டரில் தட்டி அனுப்புவார்கள். அதைப் பார்த்துத்தான் எண்ணெய்க் கம்பெனிகள் அந்தக் கப்பலை வாடகைக்கு எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும். ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் தனித்தனியாகத் தட்ட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் மெஷின் கத்தும்.

சுசித்ராவுக்கு நஞ்சன்கூடு பஸ் ஆறு மணிக்கு. அதனால் அவள் பங்கையும் அவள் நம்பரிலேயே உதயகுமார் தட்டிவிடுவான். ஒரு வருடமாக அப்படித்தான். ஒரே கை இரண்டு முறை தட்டினால் மெஷின் எப்படிக் கத்தும்? சீக்கிரம் முடிக்கக் கீபோர்டில் ஒரு கட்டை வேறு இருந்தது; அழுத்தினால் முந்தைய கப்பலின் பதில் அப்படியே வந்து உட்காரும்.

மார்ச்சில் ஒரிலா என்ற கப்பலின் தாள் வந்தது. மூன்றாவது பக்கம். பம்ப் அறையில் விஷவாயு எச்சரிக்கை மணி வேலை செய்கிறதா? பேனாவால் 'நோ' என்று எழுதியிருந்தது. அவன் அந்தக் கட்டையை அழுத்தினான். 'எஸ்'. இரண்டாவது முறையும் 'எஸ்'. கேள்விக்குக் கீழே எல்லாத் தாளிலும் ஒரு குறிப்பு இருக்கும்: அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டதாக எண்ண வேண்டாம், மூக்கு செத்துவிட்டது. அதை எத்தனையோ முறை தட்டியிருக்கிறான்.

மே மாதம் ஒரிலாவின் பம்ப் அறையில் மூன்று பேர் செத்தார்கள். முதல் ஆள் இறங்கி விழுந்தான். அவனைத் தூக்க இரண்டாவது ஆள். இருவரையும் தூக்க மூன்றாவது ஆள். மேனேஜர் நஞ்சுண்டசாமி ஃபேக்ஸைப் படித்துக் காட்டிவிட்டு, மூலத்தாளைத் தேடச் சொன்னார். உதயகுமாருக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டான். தூங்கினான். மூன்றாவது பக்கத்தை மட்டும் உருவி, வாசலில் தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்ச் சம்ப்பில் போட்டான். அப்போது தொட்டியில் கழுத்தளவு தண்ணீர் இருந்தது.

நாளை பம்பாயிலிருந்து எண்ணெய்க் கம்பெனி ஆள் விசாரிக்க வருகிறார்.

ஐந்தரைக்கு வாட்ச்மேன் குப்புசாமி டீ கொண்டுவந்தார். ஹனூர்க்காரர்.

"குப்புசாமிண்ணா, நாத்தம் வருதா?"

"இல்லீங்களே சார். சம்ப்புதான் வத்திப் போச்சுங்க. ரெண்டு வாரமாத் தண்ணி வரலீங்கல்ல. காலையில ஆளை உட்டுக் கழுவோணும்னு மேனேஜர் சொல்லிட்டாருங்க."

"உள்ள ஏதாவது கிடக்கா?"

"காயிதம் ஒண்ணு கெடக்குதுங்க. காதல் லெட்டரா என்னமோ. படிக்கத் தெரிஞ்சா நானே எடுத்துப் படிச்சிருப்பேன்." அவர் சிரித்தார்.

ஆறு மணிக்குச் சுசித்ரா பையை எடுத்தாள். "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? நாளைக்கு அந்தப் பம்பாய் ஆள் கேட்டா என் பங்கை நான்தான் தட்டினேன், சரியாத்தான் தட்டினேன்னு சொல்லிடறேன். போதுமா?"

அவளுக்கு 'நோ' பற்றித் தெரியாது. தாள் வெளியே வந்தால் இரண்டு பேர் வேலையும் போகும். பொய் சொன்னவளாக அவள் நிற்பாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஏழு மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. மற்றவர்கள் மாடிக்குப் போய்ச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாற்றம் நாக்குவரை வந்திருந்தது; எச்சில் விழுங்கினால் அதையும் சேர்த்து விழுங்க வேண்டியிருந்தது. கேட்டருகே குப்புசாமியின் நாற்காலி காலி. உதயகுமார் சம்ப்பின் இரும்பு மூடியை நகர்த்தினான். கீழே இருட்டில் வெளுப்பாக ஒரு சதுரம்.

ஏணியில் இறங்கினான். கம்பி சில்லென்று இருந்தது. சுவரில் பாசி காய்ந்து செதில் செதிலாக உரிந்தது. எங்கோ ஒரு சொட்டு. தண்ணீரே இல்லாத தொட்டியில் சொட்டு.

மூன்றாவது கம்பி. நான்காவது.

ஐந்தாவதில் நாற்றம் நின்றது.

அப்பாடா என்றிருந்தது.

கால் தரையைத் தொட்டது. தாள் நனைந்த தாளாகவே இல்லை. 'நோ' மட்டும் ஈரமாக மின்னியது. குனிந்தான். முழங்கால் மடிந்தது. உட்கார்ந்தான். எழ வரவில்லை.

தாளின் ஓரத்தில் ஒரு பூட்ஸ் நுனி.

மூன்று பேர். ஆரஞ்சு நிற உடுப்பு. சுவரில் முதுகு சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு. கையெல்லாம் எண்ணெய். அவனைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தார்கள்.

பிறகு நெருங்கி உட்கார்ந்தார்கள். இடம் விட்டார்கள். ஒருவருக்கு அல்ல. மூன்று பேர் உட்காரும் அளவுக்கு.

"உதய்? பஸ் போயிடுச்சு கணோ." மேலே டார்ச் வெளிச்சம். "ஐயோ. குப்புசாமிண்ணா! விழுந்து கெடக்கறான்!"

"நகருங்கம்மா, நான் எறங்கறேன்."

"இந்த வயசுல நீங்க ஏணியில எறங்குவீங்களா? லைட்டைப் பிடிங்க. நான் போறேன்."

வராதே என்று சொல்ல வேண்டும். வாய் திறக்கவில்லை.

சுசித்ராவின் செருப்பு முதல் கம்பியில் இறங்கியது. அதற்கு மேலே குப்புசாமி, டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.