ஒரு ஜாண் உயரத்துச் சூரியன்

குமகாயா நகரில் அன்று மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. சோதனைக்கூடத்தின் ஜன்னலில்லாத அறைக்குள் வந்ததும் குரமொச்சிக்கு அந்த இருட்டு சுகமாகத்தான் இருந்தது. உள்ளே சோதனைக்கான சூரியன் தொங்கியது: பெரிய விளக்கு ஒன்று. அதன் கீழே சதுரமான தார்ப்பாளம். அது எவ்வளவு சுடும் என்று அளந்து சொல்வதுதான் அவன் பிழைப்பு.

போன வருடம் இதே தாரை "அதிகம் சுடாது" என்று எழுதிக் கொடுத்தவனும் அவன்தான். விளக்கை ஒரு ஜாண் உயர்த்திக் கட்டிவிட்டு அளந்தான். தெரிந்தே செய்த அயோக்கியத்தனம். பள்ளிக்கூட வாசலில் அந்தத் தாரைப் போட்டார்கள். ஆகஸ்டில், அங்கே கொடி காட்டி வண்டிகளை நிறுத்தும் இசொபே அதன்மேல் சுருண்டு விழுந்தார். எழுந்திருக்கவேயில்லை.

இன்று மறுசோதனை. தேறினால் பிள்ளைகள் விளையாடும் திடல் முழுக்க இதே தார்.

"ஐம்பது டிகிரியைத் தாண்டக் கூடாதுப்பா. தாண்டுச்சுன்னா நம்ம ரெண்டு பேர் பிழைப்பும் போச்சு," என்று மேலாளர் நெஸு காலையிலேயே சொல்லியிருந்தார்.

குரமொச்சி விளக்கை மறுபடி ஒரு ஜாண் உயர்த்தினான். எந்த வேலை செய்தாலும் அதை விரல் நீட்டிக் காட்டி, சரியா என்று பார்த்து உரக்கச் சொல்வது அங்கே சட்டம். கூட இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தனியாக இருந்தும் பழக்கதோஷத்தில் சொன்னான்.

"விளக்கு உயரம், சரி!"

"சரியில்ல."

காதருகில். வறண்டுபோன தொண்டையிலிருந்து ஒரு குரல்.

திரும்பினான். யாருமில்லை. வியர்வை வாடை மட்டும் இருந்தது. பிரமை என்று தன்னைத் தேற்றிக்கொண்டு விளக்கைப் போட்டான்.

வெப்பம் காட்டும் திரையில் தார் மெல்லச் சிவந்தது. நடுவில் மட்டும் சூடேறாமல் நீலமாக இரண்டு பூட்ஸ் தடங்கள்.

யாரோ அதன்மேல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"மன்னிச்சிருங்க இசொபே-சான்... தெரிஞ்சேதான் செஞ்சேன்," என்று முணுமுணுத்தான். விளக்கைப் பழையபடி இறக்கினான்.

ஐம்பத்தைந்து.

ஐம்பத்தெட்டு.

அறுபத்தொன்று.

போகட்டும் பிழைப்பு என்று உள்ளதை உள்ளபடி எழுதி மேலே அனுப்பினான். தடங்கள் மறைந்தன. அப்பாடா என்று உட்கார்ந்தான்.

உடனே போன் அடித்தது.

"உனக்கென்ன பைத்தியமா?" நெஸு கத்தினார். "விடு, நாற்பத்தொன்பதுன்னு நானே மாத்தி அனுப்பிடறேன்."

பிறகு அவர் குரல் இறங்கியது.

"குரமொச்சி... ஏசி ஓடுது. தரை ஏன்யா இப்படிக் கொதிக்குது? ஐயோ, காலை எடுக்க முடியலயே!"

தொப்பென்று ஏதோ விழுந்தது. அதன் பிறகு நெஸு பேசவில்லை.

அவருடைய அறை மூன்றாவது மாடியில். அங்கே இருப்பது மரத்தரை.