துவைகல் ஷிப்டு

எங்கள் தூத்துக்குடி மூச்சு மன்றத்தில் யாரும் சத்தியப் பிரமாணம் எடுப்பதில்லை. இழைமானியின் தட்டில் நெஞ்சைச் சாய்த்து, ஆழமாக மூச்சிழுத்து விட்டால் போதும், சாட்சி பதிவாகிவிடும். அதைப் படித்துச் சொல்லும் இழைவாசகன் நான். காலையில் டீ குடித்து முடிப்பதற்குள் நாலைந்து நுரையீரலைப் பார்த்துவிடுவேன்.

கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசி பொல்லாதது. உள்ளே போன இழை அங்கேயே குடியிருந்து, முப்பது நாற்பது வருடம் கழித்துப் புற்றாக எழும். அந்தக் காலத்தில் கம்பெனி வக்கீல்களுக்கு இது ரொம்ப வசதி. "பீடி குடிச்சியா? எந்த ஊர்த் தூசியோ, யார் கண்டா?" என்று கேட்டே ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இப்போது அந்தப் பருப்பு வேகாது. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள ஒவ்வோர் இழைமேலும் மெல்லிய இரும்புப் பூச்சைப் பூசுகிறது. இழைமானி அந்தப் பூச்சைப் படித்து, எந்த ஆலையின் இழை, எந்த நாளில் எந்த வேளையில் உள்ளே போனது என்று சொல்லிவிடும். நிரூபணமானால் கம்பெனி செலவில் இழையுண்ணி சிகிச்சை. கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்பொறிகள் நுரையீரலுக்குள் இறங்கி இழைகளைக் கரைத்துவிடும்.

சட்டத்தில் ஒரே ஒரு முட்டுக்கட்டை, கேட் விதி. ஆலையின் கேட்டைத் தாண்டி உள்ளே போனவர் மட்டுமே தொழிலாளி, அவருக்கு மட்டுமே சிகிச்சை.

அன்று வந்த தெய்வக்கனி அந்த கேட்டைப் பார்த்ததுகூட இல்லை. செங்கதிர் ஷீட் ஆலையில் வேலை பார்த்தவர் அவளுடைய கணவர் சங்கிலி. அவர் நெஞ்சைப் படித்தேன். ஆலையில் போட்ட முகமூடி புண்ணியத்தில் இழைகள் குறைவு. அடுத்து அவள் சாய்ந்தாள். திரை முழுக்க இழைகளின் வெள்ளை. சிகிச்சை கிடைக்காவிட்டால் அடுத்த பொங்கலுக்கு அவள் இருக்கமாட்டாள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"அவரு சட்டைய எப்படித் துவைப்பீங்க?" என்று நீதிபதி செண்பகவடிவு கேட்டார்.

"வந்ததும் கழட்டி வாங்கி நல்லா உதறிருவேம்மா. உதறாம ஊறப்போட்டா தூசி தண்ணியில கரைஞ்சு சிமெண்டு மாதிரி அப்பிக்கிடும். எங்க தெருவுலயே இவுக சட்டைதான் வெள்ளையா இருக்கும்" என்றாள். இத்தனைக்கு நடுவிலும் அவள் குரலில் அந்தப் பெருமை போகவில்லை.

"அழுக்குச் சட்டையோட போனா வாட்ச்மேன் உள்ள விடமாட்டான்மா" என்றார் சங்கிலி.

கம்பெனி வக்கீல் பர்னாந்து எழுந்தார். "எனக்கும் வருத்தம்தான் மேடம். ஆனா துணி துவைக்கிறது எல்லா வீட்லயும் தினமும் நடக்குற வேலை. அது ஆலை வேலை ஆகாது."

நீதிபதி என்னைப் பார்த்தார். "தினமும்தானா? பிரிச்சுக் காட்டுங்க."

அவள் நெஞ்சின் இழைகளை நாள்வாரியாகப் பிரித்துத் திரையில் விரித்தேன். பகல் ஷிப்டு வாரங்களில் செவ்வாய்க்கிழமைகள் காலியாக இருந்தன. ஆலைக்குச் செவ்வாய்தான் வார விடுமுறை. சங்கிலி இரவு ஷிப்டு பார்த்த வாரங்களில் இழை காலையில் போயிருந்தது, பகல் ஷிப்டு என்றால் சாயங்காலம். வேலைநிறுத்தம் நடந்த மாதங்களில் ஒன்றுகூட இல்லை. கணவரின் திரையை அதன்மேல் பொருத்தினேன். இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தின.

"ஸ்ட்ரைக்கப்ப எனக்கு இருமலும் நின்னுச்சும்மா. கஞ்சிக்கு வழியில்லாட்டியும் உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் தெய்வக்கனி.

பர்னாந்து திரையைப் பார்த்துவிட்டு, கேஸ் கட்டை மூடி வைத்து உட்கார்ந்தார். அந்த மனுஷனையும் மெச்சத்தான் வேண்டும், வீம்புக்கு வாதாடவில்லை.

"இந்தம்மாவோட நெஞ்சு உங்க ஷிப்டுக்குத்தான் வேலைக்கு வந்திருக்கு. உங்க கேட் இவங்க வீட்டுத் துவைகல் வரைக்கும் இருந்திருக்கு" என்றார் நீதிபதி அவரிடம். "தெய்வக்கனி ஒரு தொழிலாளி. சிகிச்சைய உடனே தொடங்கணும்."

தெய்வக்கனிக்கு முதலில் புரியவில்லை. சங்கிலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோதுதான் புரிந்தது. எழுந்து நின்று கும்பிட்டாள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அந்தப் பெண்மணிக்காக ஒரு சட்டம் வளைந்து கொடுத்ததை நான் பார்த்தேன். என் தொழில்மீது எனக்கே மரியாதை வந்த நாள் அது.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் நீதிபதி, கொஞ்சம் தயங்கி. "நீங்க உதறும்போது பக்கத்துல வேற யாராவது இருந்தாங்களா? அவங்களுக்கும் இனி இந்தத் தீர்ப்பு செல்லும்."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"எம்மவ வேணி" என்றாள். "இடுப்புல வெச்சுக்கிட்டுத்தான் உதறுவேன். தூசி பறக்கயில கைதட்டிச் சிரிக்கும்மா."

வேணிக்கு இப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். இழை விழித்துக்கொள்ளும் வயது.

வராந்தாவில் சங்கிலி, "நான் சொல்லுதேன்" என்று போனை எடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"உதறுனது நாந்தான? நானே சொல்லுதேன்."

மகள் எடுத்ததும், "ஏ புள்ள, ஜெயிச்சிட்டோம்" என்றாள். "நாளைக்கு மொத வண்டிக்கு வந்துரு. உன் நெஞ்சயும் பாக்கணும். ஏதும் இருந்தா வைத்தியம் பாப்பாக, இனி நம்மள யாரும் வெளிய நிறுத்த முடியாது."

குரலில் நடுக்கமே இல்லை. மறுமுனையில் என்ன கேட்டாளோ, தெய்வக்கனி சுவரில் சாய்ந்துகொண்டு, "ஆமாட்டி, கூடவே நிப்பேன்" என்றாள்.