குறைகாட்டியின் இடம்

காலை வேலைக்குப் போகும் வழியில் ஜெசிந்தா தினமும் பல்கலைக்கழகத்தின் பார்வைச் சுவர் முன் நிற்பாள். சுவர் முழுக்க ஒளித்திரை. அந்த ஆண்டு விண்ணப்பித்தவர்களின் முகங்களும், அவர்கள் இதுவரை வாங்கிய மதிப்பெண்களும் அதில் முப்பது நாள் ஓடும். தூத்துக்குடியில் பாதிப் பேர், தெரிந்த முகம் வருகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் பிடிப்பார்கள்.

காரணம் இருந்தது. விண்ணப்பித்தவர் பழைய மோசமான மதிப்பெண்ணை மறைத்திருந்து, அதை ஒருவர் நிரூபித்துவிட்டால், அந்த இடம் நிரூபித்தவருக்கே. அவருக்குக் குறைகாட்டி என்று பெயர். குறைகாட்டியின் சொந்த மதிப்பெண் ஏட்டை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. மறைத்தவருக்கு வாழ்நாள் முழுக்க விண்ணப்பிக்கத் தடை. காட்டிக்கொடுக்க மட்டும் யாருக்கும் தடை இல்லை.

ஜெசிந்தாவுக்கு அந்தத் தடை விழுந்து பதினாறு வருடம் ஆகிறது. சமுதாயக் கல்லூரியில் வேதியியலில் பத்தொன்பது வாங்கியதை அவள் எழுதவில்லை. கல்லூரியையும் அதன் பதிவுகளையும் கடல் கொண்டுபோய்விட்டது, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள். கூடப் படித்த தங்கமாரிக்குத் தெரியும். முடிவு வந்த அன்று அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பியதே ஜெசிந்தாதான். ஒரே டப்பாவில் சாப்பிட்ட தங்கமாரி, அந்தப் படத்தில் ஜெசிந்தாவின் வரியை மட்டும் வெட்டிக் கொடுத்து, அவளுடைய இடத்தில் உட்கார்ந்து பொறியாளர் ஆனாள். ஜெசிந்தா, கடல்நீரைக் குடிநீராக்கும் நன்னீராலையில் உப்புப் படிந்த குழாய்களைச் சுரண்டினாள்.

இப்போது சட்டம் மாறியிருந்தது. முப்பத்தைந்து வயதுக்குள் பொறியாளர்கள் மறுபடி விண்ணப்பித்துப் படித்தாக வேண்டும். இல்லையென்றால் வேலை போகும். ஒரு செவ்வாய்க்கிழமை, சுவரில் தங்கமாரியின் முகம் வந்தது. சமுதாயக் கல்லூரியில் அவள் கணக்கில் வாங்கிய இருபத்திரண்டு அதில் இல்லை.

ஜெசிந்தா உடனே சொல்லவில்லை. தங்கமாரியின் ஆசை நன்றாக வளரட்டும் என்று விட்டாள். தினமும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். இருபத்தொன்பதாம் நாள், வெட்டாத முழுப் படத்தையும் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

விசாரணை அறையில் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். படம் திரையில் விரிந்ததும் தங்கமாரியின் முகம் வெளிறியது.

“ஏட்டி, அந்த இருபத்திரெண்டு எதனாலன்னு ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும். பரீட்சை நேரத்துல எங்கம்மாவுக்குத் தொணையா எங்கூட ஆஸ்பத்திரியில கெடந்த.”

“தெரிஞ்சுமா குடுத்த?”

“நான் பத்தொம்பது வாங்குனதும் அதே ஆஸ்பத்திரியாலதான. நீ தெரிஞ்சுதான குடுத்த?”

விசாரணை அலுவலர் நிமிர்ந்தார். “காரணத்துக்குப் படிவத்துல எடம் கெடையாதும்மா. மார்க் உண்டா, இல்லையா?”

“உண்டு,” என்றாள் தங்கமாரி.

அந்த ஒரு சொல் ஜெசிந்தாவின் காதில் இனித்தது. வாசலில் தங்கமாரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, ஜெசிந்தா நடையைக்கூடக் குறைக்கவில்லை. வீட்டுக்குப் போய், பல வருடங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினாள்.

தங்கமாரியின் இடம் ஜெசிந்தாவுக்கு வந்தது. ஜூலையில் வகுப்பு தொடங்கியது. அறுபது பேர் அமர்ந்திருந்த அந்த அறையில் பேச்சே இல்லை. ஒவ்வோர் இருவருக்கு நடுவிலும் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. எத்தனை பேர் குறைகாட்டிகள், எத்தனை பேர் பயந்து பயந்து தப்பி வந்தவர்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு சின்னப் பெண் மட்டும் வந்து ஜெசிந்தாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

“எடுத்துக்கோங்கக்கா. எம்பேரு மலர்விழி. நீங்க முன்னாடி எந்த காலேஜ்?”

ஜெசிந்தாவின் கை நின்றது. “எதுக்குக் கேக்க?”

“சும்மாத்தான்...” அந்தப் பெண்ணின் சிரிப்பு மெல்ல வடிந்தது. டப்பாவை மூடினாள். பையை எடுத்துக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

பேராசிரியர் உள்ளே வந்தார். ஜெசிந்தா நோட்டைத் திறந்தாள். பாடம் எழுதுவதற்கு முன், கடைசிப் பக்கத்தைப் புரட்டி, மலர்விழி என்ற பெயரைச் சின்ன எழுத்தில் குறித்து வைத்துக்கொண்டாள்.