அறுபத்து நான்காவது இலை

செவ்வாய்க்கிழமை, மாலை நாலே கால். கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் அப்போது இருந்தவர்கள் இவர்கள்தான். வாசலையொட்டிய நாற்காலியில், ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டிய ஓய்வுபெற்ற வாத்தியார். நீள பெஞ்சில் ஒரு தாயும், கண்ணாடி போட மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த அவள் மகளும். மேசைக்குப் பின்னால் சீட்டு எழுதும் கம்பவுண்டர் அண்ணன். ஜன்னலடி நாற்காலியில், மடியில் மருத்துவமனை ஃபைலை வைத்துக்கொண்டு, மருந்து விட்ட கண்களை இறுக மூடியபடி, வீட்டு பிளான் வரைகிறவர் ஒருவர். அவர் தலைக்கு ஒரு சாண் மேலே, கொக்கியில் மாட்டிய தொட்டியில், சொட்டு சிஸ்டரின் செடி.

அவள்... அங்கே கண்ணுக்கு மருந்து விடுகிறவள். நோயாளிகள் வைத்த பெயர் சொட்டு சிஸ்டர். அந்த அறையில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தது அவள் ஒருத்திதான். அதனால் நடந்தது முழுவதும் அவள் கண்ணில் பட்டது.

செடியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். செடம் வகை, பார்க்கிறவர்கள் கழுதைவால் என்பார்கள். தரையைப் பார்த்துத் தொங்கும் நீளநீளச் சடைகள். சடை முழுக்க வேர்க்கடலைப் பருப்பு அளவில், வெண்பச்சையில், குண்டு குண்டாக இலைகள். மூச்சுக்காற்று பலமாகப் பட்டாலே உதிர்ந்துவிடும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒற்றை இலையை மண்மேல் கிடத்தி அவள் உண்டாக்கியது. துடைப்பக்காரம்மாவைக்கூட அந்தப் பக்கம் விட மாட்டாள்.

ஏழாம் நம்பர் என்று கம்பவுண்டர் அண்ணன் கூப்பிட்டார். பிளான்காரர் கண்ணைத் திறக்காமலே விருட்டென்று எழுந்தார். நெற்றி தொட்டியில் போய் மோதியது.

பொலபொலவென்று... தலையில், தோளில், காலருக்குள், மடியிலிருந்து விழுந்து விரிந்துகிடந்த ஃபைலின்மேல்...

"மழையா சிஸ்டர்?" என்றார் அவர்.

முகத்தைத் தூக்கி வைத்திருந்த மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். சொட்டு சிஸ்டரோ கையை நீட்டித் தடுத்தாள்.

"அப்படியே நில்லுங்க சார். நீங்க ஒரு அடி வச்சா பத்து உசுரு போகும்."

நின்றார். தூக்கிய காலைக் கீழே வைக்காமல், ஒற்றைக் காலில். பிறகு மெல்ல மண்டி போட்டு, தரையை விரல்களால் தடவித் தடவி, ஒவ்வொரு இலையாகப் பொறுக்கிக் கைக்குட்டையில் சேர்த்தார். ஒன்றைக்கூட நசுக்கவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து கண்களைத் திறந்தார்...

மையைக் கொட்டியதுபோல, விளிம்பு வரைக்கும் கறுத்து விரிந்த கண்பாப்பாக்கள். அந்தக் கண்களுக்கு இப்போது எல்லாமே புகைதான் என்று அவளுக்குத் தெரியும். அவளே விட்ட மருந்தாயிற்றே. ஆனாலும் அவை அவளை மட்டும் தேடிக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி... சே, கோபத்துக்கு நடுவில் இதென்ன நினைப்பு.

"உங்க முகம் தெரியல சிஸ்டர். குரல வச்சுப் பாத்தா ரொம்பக் கோவமா இருக்கீங்க. அறுபத்து மூணு இருக்கு. எல்லாத்தையும் வளத்துக் கொண்டாந்து தரேன்."

அவளுக்கு நம்பிக்கையில்லை. இருந்தாலும் முறையைச் சொன்னாள். நாலு நாள் நிழலில் சும்மா கிடக்கட்டும், காம்பு இருந்த காயம் ஆறட்டும், அப்புறம் மண்மேல் படுக்க வையுங்கள், வேர் எட்டிப் பார்க்கிறவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது.

அன்றைக்கே டாக்டரம்மா அவர் கண்களில் அழுத்தம் கூடியிருப்பதைக் கண்டுபிடித்தார். தினம் இரண்டு வேளை சொட்டு, இரண்டு வாரத்தில் ஒரு சோதனை, ஆறு வாரத்தில் கட்டாயம் இன்னொன்று. விட்டால் பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், போனது திரும்பாது என்று சொல்லி அனுப்பினார். சொட்டு சிஸ்டர் இருந்த எரிச்சலில் அவருடைய ஃபைலை உதறாமல் மூடி அலமாரியில் திணித்தாள்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். கையில் செய்தித்தாள் மூடிய தட்டு. அவளை அன்றுதான் தெளிவாகப் பார்த்தார். பார்த்தவர் வந்த விஷயத்தையே மறந்துபோய் நின்றார். அவளுக்குக் காது சூடாகியது. அந்தப் பார்வையை எங்கே வாங்கி வைப்பதென்று தெரியாமல், தட்டின்மேல் இருந்த தாளை எடுத்தாள்.

அறுபத்து மூன்று இலைகளும் வெந்த சோறுபோலக் குழைந்து கிடந்தன.

"காஞ்சு கெடக்கறதப் பாக்கப் பாவமா இருந்துச்சு," என்றார் அவர். "காலைல, மத்தியானம், சாயங்காலம்... கொஞ்சமாத்தான் ஊத்தினேன்."

சிரித்திருக்கலாம். சிரிக்கத்தான் வந்தது. ஆனால் காதுச் சூடு தணியவில்லையே. நாலு பேர் முன்னால் அவள் வாய் முந்திக்கொண்டது.

"சொன்ன பேச்சு கேக்காதவங்களுக்குச் செடி எதுக்கு சார்? கண்ணு மருந்தையும் இப்படித்தான் இஷ்டத்துக்கு ஊத்தறீங்களா? உங்க கைக்கு எதுவும் வெளங்காது."

அவர் முகம் விளக்கை அணைத்த அறைபோல ஆயிற்று. ஃபைலை எடுக்காமல் சீட்டிலேயே குறித்த சோதனையை முடித்துக்கொண்டு, தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். தட்டைக் கழுவப் போனவள், எடுத்து வைத்த செய்தித்தாளின் மடிப்புக்குள் ஒரு கிராஃப் தாளைக் கண்டாள். மெல்லிய பென்சிலில் அறுபத்து மூன்று வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், படுக்கவைத்த திசை, வெயில் வரும் பக்கம். வீடு கட்டுகிறவனுக்குப் போட்டுத் தருகிற சுத்தத்தோடு... அவளுடைய இலைகளுக்கு.

அந்தத் தாளை அவள் தூக்கிப் போடவில்லை.

ஆறு வாரம் ஆயிற்று. அவர் வரவில்லை. ஏழாவது வாரமும் வரவில்லை. கம்பவுண்டர் அண்ணன் இரண்டு தடவை ஃபோன் போட்டார், எடுக்கவில்லை. நீ ஒரு தடவை பேசிப் பாரேன் என்றதற்கு, எனக்கென்ன வந்தது என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, கதவு திறக்கிறபோதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். கோடு கோடாக வரைந்து பிழைக்கிற மனிதர். அவள் நாக்கால் அந்தக் கண்கள் போய்விட்டால்...

எட்டாவது வாரம், மறுபரிசோதனைக்கு வராதவர்களுக்குக் கடிதம் அனுப்புகிற நாள். முகவரிக்காக அவருடைய ஃபைலைத் திறந்தாள்.

இரண்டு தாள்களுக்கு நடுவில் ஒரு இலை. சுருங்கி, வற்றி, தோலாக. அதன் காயம் இருந்த முனையிலிருந்து இளஞ்சிவப்பில் இழை இழையாக வேர். வேருக்குப் பக்கத்தில், கடுகளவில், ஒன்றையொன்று கட்டிக்கொண்ட நாலு குட்டி இலைகள்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். மண் இல்லை, தண்ணீர் இல்லை, அலமாரிக்குள் வெளிச்சமும் இல்லை. எத்தனையோ செடி வளர்த்தவள்தான், இப்படியொன்றைப் பார்த்ததில்லை. உள்ளங்கையில் ஏந்திக்கொண்டுபோய், கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியின் முன்னால், நோயாளி தாடை வைக்கும் இடத்தில் வைத்து விளக்கைப் போட்டாள்.

வேரின் மேலெல்லாம் கண்ணாடி மயிர்கள்... ஒவ்வொன்றின் நுனியிலும் வெளிச்சம். குட்டி இலைகளின்மேல் யாரும் தொடாத வெண்பூச்சு. தாய் இலை தன் ஈரத்தையெல்லாம் அந்தக் கடுகுக்குக் கொடுத்துவிட்டு, பையைக் காலி செய்ததுபோல மடிந்து கிடந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாளோ. பின்னால் வந்து நின்ற டாக்டரம்மாவும் குனிந்து பார்த்தார். விளக்கைக் கூட்டி இன்னொரு முறை பார்த்தார்.

"இருபது வருஷமா இதுல கண்ணப் பாக்கறேன்," என்றார் கடைசியில். "இப்படி ஒண்ணு பாத்ததில்ல. யாரோட ஃபைல்ல இருந்துச்சு?"

அவள் இலையை மறுபடி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். யாருடையது என்பதை முகம் சொல்லியிருக்க வேண்டும். ஃபோனில் நீ பேச மாட்டாய், கடிதத்தையாவது ஒழுங்காக எழுது என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார்.

தங்கள் மறுபரிசோதனை நாள் கடந்துவிட்டது என்று அச்சடித்திருந்த தாளின் கீழே, பேனாவை எடுத்து எழுதினாள்.

"மேலே இருப்பது மருத்துவமனையின் வரி. இனி என்னுடையது. நீங்கள் எண்ணியது தப்பு. அறுபத்து நான்கு. ஒன்று உங்கள் ஃபைலுக்குள் விழுந்திருக்கிறது. அதை யாரும் கவனிக்கவில்லை, அது பாட்டுக்கு வேர் விட்டிருக்கிறது. நான் உங்களைத் திட்டியது செடிக்காக இல்லை. நீங்கள் என்னைப் பார்த்த பார்வைக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் திட்டினேன். என்மேல் கோபம் என்றால் வேறு டாக்டரிடமாவது இன்றே காட்டுங்கள், கண் முக்கியம். கோபம் இல்லையென்றால் இங்கே வாருங்கள். எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. இலையை அனுப்பவில்லை, முத்திரை குத்துகையில் நசுங்கிவிடும். ஜன்னலில் வைத்திருக்கிறேன். வேர் வந்துவிட்டதால் இனித் தண்ணீர் ஊற்றலாம். அதை நீங்கள்தான் ஊற்ற வேண்டும்."

கிராஃப் தாளை எடுத்தாள். அறுபத்து மூன்றாவது வட்டத்துக்குப் பக்கத்தில், அவரைப்போல அத்தனை வட்டமாக வராமல், இன்னொன்று வரைந்து எண் போட்டாள். இரண்டையும் மடித்து உறைக்குள் வைத்தாள். கொடு, நான் போட்டுவிடுகிறேன் என்று கம்பவுண்டர் அண்ணன் கை நீட்டினார், கொடுக்கவில்லை. பசை தடவி, ஓரம் முழுக்க விரலால் இரண்டு முறை அழுத்தி ஒட்டிக்கொண்டு, தெருமுனைத் தபால் பெட்டிவரைக்கும் அவளே நடந்தாள்.

பெட்டியின் வாயில் உறையைப் பாதி நுழைத்து, ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு விட்டாள். உள்ளே அது விழுந்த சத்தம், ஒரு இலை விழுகிற அளவுக்குத்தான் இருந்தது.